8,333 ரூபாய் ரசீது: மறைக்கப்படும் வாடகையும் வருமான வரியும்

2022 ஜனவரியில் ஒரு மாலை, குரோம்பேட்டையில் நான் குடியிருந்த வீட்டின் மாடிப்படியில் ரசீதுப் புத்தகத்தோடு இறங்கினேன். வரிச் சலுகைக்கான ஆவணங்களை அந்த வார இறுதிக்குள் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் கெடு வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வாடகை மாதம் 18,000 ரூபாய். பன்னிரண்டு ரசீதுகளில் கையெழுத்தும், கூடவே பான் எண்ணும் வேண்டும் என்றேன். முறத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரசீதைப் பார்த்தார். “கையெழுத்துப் போடுகிறேன் தம்பி. ஆனால் 8,333 என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பான் எண்ணை மட்டும் கேட்காதீர்கள்” என்றார்.

அந்த எண் அவர் வாயில் தடுமாறாமல் வந்தது. சம்பளக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் பகுதிகளில் பல வீட்டு உரிமையாளர்களுக்கு அது மனப்பாடம். காரணம் எளிது. 8,333ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 99,996. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரி விலக்குக் கேட்கும் ஊழியர் தன் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். 2013 வரை இந்த வரம்பு 1,80,000 ரூபாயாக இருந்தது; அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு லட்சமாகக் குறைந்தது. லட்சத்துக்கு நான்கு ரூபாய் குறைவாக ரசீது எழுதினால் பான் எண் கேட்கப்படாது, அந்த வீட்டிலிருந்து வாடகை வருகிறது என்பது வருமான வரித் துறையின் ஏட்டில் ஏறாது.

இதில் யாருக்கு என்ன இழப்பு என்று பார்ப்போம். அன்று என் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 25,000. வருமான வரியில் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. வாடகைப்படிக்கு விலக்குத் தரும் பழைய வரி முறையில், கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் என் போன்றவர்களுக்கு விலக்குத் தொகையாக அமையும். உண்மையான வாடகையைக் காட்டினால் 2,16,000இல் 60,000 போக 1,56,000 ரூபாய்க்கு விலக்கு. 8,333 ரசீதைக் காட்டினால் 39,996 ரூபாய்க்குத்தான் விலக்கு. இடையில் உள்ள 1,16,000 ரூபாய்க்கு, 20 சதவீத அடுக்கில், வரியின்மேல் விதிக்கப்படும் செஸ் சேர்த்து நான் கூடுதலாகக் கட்ட வேண்டிய வரி ஏறத்தாழ 24,000 ரூபாய். ஒரு மாத வாடகையை விட அதிகம்.

வீட்டுக்கார அம்மா வாடகையை மறைத்து மிச்சம் பிடித்தது எவ்வளவு? ஒரு ரூபாய்கூட இல்லை. அதை அவரும் அறியவில்லை, அன்று நானும் அறியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

வாடகைக்கு வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது

வாங்கும் வாடகை முழுவதுக்கும் வரி என்று நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். வருமான வரிச் சட்டத்தில் சம்பளம், தொழில் போல ‘வீட்டுச் சொத்து வருமானம்’ என்று தனித் தலைப்பே இருக்கிறது. குடியிருப்பு, கடை, கிடங்கு எதுவானாலும் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் பொதுவாக இந்தத் தலைப்பில்தான் வரும். காலி மனையை வாடகைக்கு விட்டாலோ, வாடகைக்கு எடுத்த வீட்டை உள்வாடகைக்கு விட்டாலோ அது ‘இதர வருமானம்’.

ஓராண்டில் வந்த வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ அந்த ஆண்டில் நீங்களே கட்டிய சொத்து வரியைக் கழியுங்கள். மிஞ்சியதில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துவிடுகிறது. வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, மோட்டார் பழுது பார்த்தது என எதற்கும் பில் காட்ட வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் 30 சதவீதம் உண்டு. தளம் ஒழுகி இரண்டு லட்சம் செலவழித்தாலும் அதே 30 சதவீதம்தான். வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டியையும் கழிக்கலாம். புதிய வரி முறையிலும் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்த வட்டிக் கழிவு உண்டு. ஆனால் வட்டி அதிகமாகி நட்டம் வந்தால், புதிய முறையில் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது; பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிக்கலாம்.

அந்த அம்மாவின் கணக்கைப் போடுவோம். வாடகை 2,16,000. சொத்து வரி 6,000 போக 2,10,000. அதில் 30 சதவீதம் 63,000. வரிக்குரியது 1,47,000. ஓய்வூதியம் மாதம் 25,000, ஆண்டுக்கு 3 லட்சம். அதில் நிலையான கழிவு 50,000 போக இரண்டரை லட்சம். இரண்டையும் கூட்டினால் 3,97,000. அந்த 2021-22 நிதியாண்டில் வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தவர்களுக்கு வரித் தள்ளுபடி இருந்தது. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். மூத்த குடிமக்களுக்கான 3 லட்ச ரூபாய் அடிப்படை வரம்பை வருமானம் தாண்டியதால் கணக்குத் தாக்கல் மட்டும் செய்தாக வேண்டும். அவ்வளவே.

இன்று நிலைமை இன்னும் சாதகம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை; பங்கு, நிலம் விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானம் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. ஓய்வூதியமும் ஒன்றிரண்டு போர்ஷன் வாடகையுமாக வாழும் பெரும்பாலான முதியவர்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவார்கள். வரி இல்லாத வருமானத்தை மறைத்துவிட்டு, எப்போது தபால்காரர் நோட்டீஸ் கொண்டுவருவாரோ என்று காத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

உயர்ந்த சம்பளம் வாங்குபவர் அதே வீட்டை வாடகைக்கு விட்டால்? கழிவுகள் போக அவருடைய சம்பள வருமானம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாடகையிலிருந்து 1,47,000 சேர்ந்தால் கூடுதல் வரி 24,400, செஸ்ஸோடு 25,376 ரூபாய். ஆண்டுக்கு வாங்கும் 2,16,000 ரூபாயில் இது ஒன்றரை மாத வாடகைக்கும் குறைவு. வலிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவருடைய சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார்கள். வரி கட்டிய பணத்தில் ஒருவர் வாடகை கொடுக்க, அதை வாங்குபவர் மட்டும் கணக்கில் காட்டாமல் இருப்பது நியாயமில்லை.

நல்லவர்களும் சிக்கும் தவறான நம்பிக்கைகள்

“நான்தான் வரி கட்டுகிறேனே” என்று சொத்து வரி ரசீதைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குச் செலுத்துவது கட்டடத்துக்கான வரி. வருமான வரி மத்திய அரசுக்குச் செல்வது. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது. ஆனால் முன்னதைப் பின்னதன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, “75 வயது ஆகிவிட்டால் கணக்குத் தாக்கல் வேண்டாம்” என்பது. அந்தச் சலுகை ஓய்வூதியமும், அதே வங்கியில் கிடைக்கும் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவர்களுக்கு. வாடகை வந்தால் அது பொருந்தாது.

மனைவி கணக்கிலோ மகன் கணக்கிலோ வாடகையை வாங்கினால் வருமானமும் அவர்களுடையதாகிவிடும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. சட்டம் கேட்பது யார் வீடு என்பதை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் வாடகை சேரும், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனாலும். கணவனும் மனைவியும் பணம் போட்டு, இன்ன பங்கு என்று எழுதி, இருவர் பெயரிலும் வாங்கிய வீடு என்றால் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்குக் காட்டலாம். அது முழுக்கச் சரியான வழி. வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஈடாக எதுவும் பெறாமல் மனைவிக்கு மாற்றிய வீட்டுக்குக் கணவரையே உரிமையாளராகச் சட்டம் கருதும்.

போக்கியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் இது பெருவழக்கு. ஊருக்கு ஊர் ஒத்தி என்றும் லீஸ் என்றும் சொல்வார்கள். மாத வாடகை கிடையாது. ஏழெட்டு லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. வாடகையே வாங்கவில்லை, பிறகு என்ன வருமானம் என்று உரிமையாளர் கேட்பார். திருப்பித் தர வேண்டிய தொகை வருமானம் அல்ல என்பது சரி. அந்தப் பணத்துக்கு இவ்வளவு வட்டி வந்திருக்கும் என்று கற்பனையாகக் கணக்கிட்டு வாடகையோடு சேர்க்கக் கூடாது என்றும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் வீட்டுச் சொத்து வருமானத்தில் கேள்வி வேறு விதமாகவும் எழுகிறது: அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும்? கையில் வாடகை வராவிட்டாலும் அந்த நியாய வாடகையை அடிப்படையாக வைத்து வருமானம் கணக்கிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போக்கியப் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்கினால் அந்த வட்டியும் தனி வருமானம். போக்கியத்துக்கு விடுபவர் இதை ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தெரிந்தே மறைப்பவர்கள்

இவர்கள் அறியாமல் செய்பவர்கள் இல்லை. வழக்கமான வழி, கைக்கு ஒன்றும் கண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு தொகை. ஒப்பந்தத்தில் 12,000 என்று எழுதுவார்கள், வாங்குவது 20,000. மீதி 8,000 ரூபாயை ரொக்கமாக உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். சிலர் அந்த மீதியைப் பராமரிப்புக் கட்டணம் என்றோ, கட்டில் பீரோவுக்கான வாடகை என்றோ பெயர் மாற்றுவார்கள். உண்மையிலேயே காவலாளி, தண்ணீர், லிஃப்ட் ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகை வேறு. வீட்டில் ஒரு பழைய கட்டிலைப் போட்டுவிட்டு மாதம் 8,000 ரூபாய் கேட்பது வேறு.

முழுக்க ரொக்கம் கேட்பது அதைவிடப் பழைய வழி. கடைத்தெருக்களில் இது இன்னும் அதிகம். பதினொரு மாத ஒப்பந்தத்தையும் பலர் வரியோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுத் துறையில் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியைத் தவிர்க்கப் பிறந்த பழக்கம் அது. வருமான வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதினொரு மாத வாடகையும் வாடகைதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையின் பெயரில் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடி வீடு, வாடகை இங்கே அப்பாவின் கணக்குக்கு. இதை மறைப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. ஆனால் இந்தியாவில் உள்ள கட்டடத்தின் வாடகைக்கு, உரிமையாளர் உலகின் எந்த மூலையில் வசித்தாலும், இந்தியாவில் வரி உண்டு. 12 லட்ச ரூபாய் வரையிலான தள்ளுபடி வெளிநாடு வாழ் இந்தியருக்குக் கிடையாது. இன்னொரு முக்கியமான செய்தி குடியிருப்பவருக்கு: உரிமையாளர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் துறை குடியிருப்பவரிடமே கேட்கும். உரிமையாளர் விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அந்த விகிதத்தில் பிடிக்கலாம். வீடு பார்க்கும்போது பத்திரம் யார் பெயரில், அவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்பது ஆளை அவமதிப்பதாகாது.

மறைத்தது எப்படித் தெரியவருகிறது

ஒருவர் வீட்டுக்கு ஆள் வந்து விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. ஊழியர் கொடுக்கும் பான் எண், நிறுவனம் தாக்கல் செய்யும் காலாண்டு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) அறிக்கையோடு துறைக்குப் போகிறது. அங்கிருந்து வீட்டு உரிமையாளரின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ‘பெற்ற வாடகை’ என்று வந்து உட்காருகிறது. ஏஐஎஸ் என்று சொல்லப்படும் இந்த அறிக்கை 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வருமான வரி இணையதளத்தில் தன் கணக்கில் நுழைந்தால் யாரும் தன்னுடையதைப் பார்க்கலாம். வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை, பெரிய அளவிலான ரொக்க வைப்பு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் வங்கியே துறைக்குத் தெரிவித்துவிடும்.

வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் குடியிருப்பவர் சாதாரணத் தனிநபராக இருந்தாலும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2017 ஜூன் முதல் இந்த விதி இருக்கிறது. முதலில் 5 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். மாதந்தோறும் பிடிக்கத் தேவையில்லை; நிதியாண்டின் கடைசி மாதத்திலோ, இடையில் காலி செய்தால் அந்த மாதத்திலோ ஒரே முறை பிடித்து, அதற்கான படிவத்தில் கட்டலாம். உரிமையாளர் பான் எண் தர மறுத்தால் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆனால் கடைசி மாத வாடகையைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது. பான் எண்ணை ஒளிப்பவர் ஒரு மாத வாடகையையே இழக்க நேரலாம் என்று பொருள். நிறுவனங்கள் கொடுக்கும் கட்டட வாடகைக்குத் தனி விதி, 10 சதவீதம். கடை வாடகையில் ஜிஎஸ்டியும் சேரலாம். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இதில் ஓர் ஓட்டையும் திறந்துகொண்டிருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் இயல்பான முறை. அதில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கிடையாது. புதிய முறைக்கு மாறிய ஊழியருக்கு ரசீது தேவையில்லை, பான் எண் தேவையில்லை. மாதம் 50,000 ரூபாய்க்குக் கீழ் வாடகை உள்ள வீடுகளில், இத்தனை ஆண்டு தகவல் போய்க்கொண்டிருந்த குழாய் மெல்ல வறண்டுவருகிறது. துறை இதை வேறு வழியில் ஈடுகட்டும் என்பது என் கணிப்பு. வாடகை பெரும்பாலும் யுபிஐ வழியாகத்தான் போகிறது; ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஒரே தொகை வந்து விழுவது வங்கிக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் புரியும்.

எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு. வாடகைக்கே இல்லாதவர், எங்கோ கிடைத்த ஒரு பான் எண்ணைப் போட்டு விலக்கு வாங்கிக்கொள்வார். எதுவும் அறியாத ஒருவரின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வராத வாடகை ஏறி நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த அறிக்கையைத் திறந்து பார்ப்பது இதற்காகவும் அவசியம். உங்களுடையது அல்லாத தகவல் இருந்தால், அந்தப் பதிவுக்கு எதிரிலேயே மறுப்பைப் பதிவு செய்ய வசதி இருக்கிறது. பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்கு வாடகை கொடுத்து விலக்குக் கேட்பது தவறல்ல. பணம் உண்மையிலேயே கைமாற வேண்டும், பெற்றோர் அதைத் தங்கள் கணக்கில் காட்ட வேண்டும்.

பிடிபட்டால், அதற்கு முன் திருத்த நினைத்தால்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 270-ஏ பிரிவு இரண்டு நிலை வைத்திருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். உண்மையைத் திரித்து, போலி ஆவணம் வைத்துக் குறைத்திருந்தால் 200 சதவீதம். மேலே சொன்ன 15 லட்சம் சம்பளக்காரரை எடுத்துக்கொண்டால், போலி ஆவணம் வைத்து முழு வாடகையையும் மறைத்தது வெளிப்படும் பட்சத்தில், 25,376 ரூபாய் வரியை மிச்சப்படுத்தப் போய், வரியும் அதைப் போல் இரு மடங்கு அபராதமும் வட்டியுமாக 76,000 ரூபாய்க்கு மேல் கட்ட நேரும். அது ஓராண்டுக்கு. பழைய கணக்கைத் திறப்பதற்கான கால வரம்பு பொதுவாக மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதம். மறைத்தது 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு மூன்று மாதம்.

விட்டுப்போன வாடகையைத் தானே முன்வந்து காட்ட ஒரு கதவு இருக்கிறது. புதுப்பிக்கப்பட்ட கணக்கு என்று அதற்குப் பெயர். 2022இல் அறிமுகமானபோது இரண்டு ஆண்டு அவகாசம். 2025 முதல் நான்கு ஆண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70 சதவீதம். அந்த ஆண்டுக் கணக்கைத் துறை ஆய்வுக்கு எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லா உரிமையாளர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறுகின்றன. சொத்து வரி, 30 சதவீதம், கடன் வட்டி என்ற வாடகைக் கணக்கின் எலும்புக்கூடு மாறவில்லை.

குடியிருப்பவர் சுமக்கும் பாரம்

வாடகையை மறைப்பது உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம் என்றுதான் பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பந்தத்தில் குறைத்து எழுதினால் வாடகையை மட்டுமா குறைப்பார்கள், முன்பணத்தையும் குறைத்துத்தான் எழுதுவார்கள். என் நண்பர் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தார்; எழுதியது 50,000. காலி செய்த நாளில் உரிமையாளர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். பெயிண்ட் அடிக்க வேண்டும், கதவில் கீறல் இருக்கிறது என்றார். எழுத்தில் இருந்த 50,000இல் அவற்றைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினார். ஒரு லட்சத்தைப் பற்றிக் கேட்டபோது, எங்கே எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்றார். நண்பரின் கையில் காட்ட எதுவும் இல்லை. வேன் வாசலில் நின்றுகொண்டிருந்தது, சாமான்கள் ஏற்றப்பட்டுவிட்டன.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், பதிவு எண் பெற வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. உண்மைத் தொகையை மறைக்க விரும்பும் உரிமையாளர் பதிவுக்கு வர மாட்டார். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டுப் போவது கடினம். மறைப்பது அவர், பாதுகாப்பை இழப்பது குடியிருப்பவர்.

குரோம்பேட்டை வீட்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு 8,333 ரசீதையே வாங்கிக்கொண்டு போனேன். வீடு தேடி அலைந்து களைத்திருந்த எனக்கு, நல்ல மனிதரிடம் சண்டை போட மனம் வரவில்லை. சில மாதம் கழித்து, இந்தக் கணக்கு எனக்கே புரிந்த பிறகு, கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் அவருக்கு எழுதிக் காட்டினேன். அவருடைய உண்மையான பயம் வரி அல்ல. வாடகையைக் காட்டினால் ஓய்வூதியத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆசிரியையின் ஓய்வூதியம் அவர் உழைத்த ஆண்டுகளுக்கு உரியது, அதற்கும் மாடி வாடகைக்கும் தொடர்பே இல்லை என்று விளங்கவைக்கத்தான் நேரம் பிடித்தது. பிறகு உள்ளே போய், பிஸ்கட் டப்பா ஒன்றில் ஆண்டுவாரியாக மடித்து வைத்திருந்த சொத்து வரி ரசீதுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தார். அடுத்த ஜனவரியில் ரசீதில் 18,000 என்று எழுதி, பான் எண்ணையும் அவரே நிரப்பிக் கொடுத்தார்.

எல்லா உரிமையாளரும் அப்படி இறங்கி வர மாட்டார்கள். வந்தாலும் வராவிட்டாலும் குடியிருப்பவர் தன் கையில் உள்ளதைச் செய்யலாம். வாடகையையும் முன்பணத்தையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். அனுப்பும்போது ‘ஜூன் வாடகை’, ‘முன்பணம்’ என்று குறிப்பு எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதைக் கேளுங்கள். வீடு பேசி முடிக்கும் அன்றே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பான் எண் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். சாமான் ஏற்றி இறக்கிய பிறகு கேட்பதைவிட அது இருவருக்கும் எளிது.